மூலை ரேஞ்ச் 1-இல், ஆர்க்குக்குள் இருப்பதோ ரேஞ்ச் 2-இல்: எத்தனை டைஸ்?

கரும்பருந்து:
எக்ஸ்-விங் (ஸ்டார் வார்ஸ் கப்பல் மாடல்களை மேசையில் நகர்த்திச் சண்டையிடும் ஆட்டம்), இரண்டாம் பதிப்பு. என்னுடையது டை ஃபைட்டர், 40 மி.மீ. சின்ன பேஸ் (மாடல் நிற்கும் சதுரத் தட்டு). எதிரே ஒய்டி-1300, 80 மி.மீ. பெரிய பேஸ். எனக்கு இடது முன்பக்கம் நிற்கிறது. அதன் பக்கத்து மூலை என் பேஸிலிருந்து 95 மி.மீ.க்குள் இருக்கிறது, ஆனால் என் ஆர்க் (என் கப்பல் சுடக்கூடிய கோணப் பகுதி) கோட்டுக்கு வெளியே. ஆர்க்குக்குள் விழுகிற பகுதி 120 மி.மீ. தாண்டித்தான் ஆரம்பிக்கிறது. ரூலரில் ஒரு ரேஞ்ச் 100 மி.மீ.

கப்பல் ஆர்க்கில் இருக்கிறது. அதே கப்பல் ரேஞ்ச் 1-இலும் இருக்கிறது. அப்படியானால் என் வழக்கமான 2 டைஸோடு ரேஞ்ச் 1-க்கான போனஸ் ஒன்றையும் சேர்த்து 3 டைஸ் உருட்ட வேண்டும். எதிராளி 2 டைஸ்தான் என்று நின்றார். ரேஞ்ச் அளப்பது அருகிலுள்ள புள்ளியிலிருந்து அருகிலுள்ள புள்ளிக்கு என்பதுதானே அடிப்படை விதி?

வடமீன்:
உங்கள் எதிராளி சொன்னதுதான் சரி. நீங்கள் சொல்வது பொதுவாக ரேஞ்ச் அளக்கிற விதி. தாக்குதலுக்கு அளவு வேறு: தாக்கும் கப்பலின் அருகிலுள்ள புள்ளியிலிருந்து, எதிரிக் கப்பலில் ஆர்க்குக்குள் இருக்கும் பகுதியின் அருகிலுள்ள புள்ளி வரை. ஆர்க்குக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மூலை இந்தத் தாக்குதலுக்குக் கணக்கிலேயே இல்லை. ஆகவே ரேஞ்ச் 2, டைஸ் 2.

கரும்பருந்து:
அப்படியென்றால் ஒரே கப்பல் ஒரே நேரத்தில் ரேஞ்ச் 1-இலும் ரேஞ்ச் 2-இலும் இருக்கிறது என்கிறீர்கள். புதிதாக ஆட வருபவருக்கு இதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? ரேஞ்ச் என்பது இரண்டு கப்பல்களுக்கு நடுவே உள்ள தூரம். அது நாம் எதற்காக அளக்கிறோம் என்பதைப் பொறுத்து மாறக்கூடாது.

வடமீன்:
மாறும் நண்பரே, மாறத்தான் வேண்டும். லாக் (ஓர் எதிரிக் கப்பலைக் குறிவைத்துப் பிடிக்கும் செயல்) எடுப்பதைப் பாருங்கள். லாக்குக்கு ஆர்க் தேவையில்லை, ரேஞ்ச் 3 வரை எந்தத் திசையிலும் எடுக்கலாம். எதிரியின் ஒரு மூலை 290 மி.மீ.யில் ஆர்க்குக்கு வெளியே, ஆர்க்குக்குள் இருக்கும் பகுதி 310-இல் என்று வையுங்கள். லாக் எடுக்கலாம், சுட முடியாது. இதை யாரும் முரண்பாடு என்று சொல்வதில்லை. இரண்டும் வேறு வேறு கேள்விகள், அவ்வளவுதான்.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். 2012-இல் வந்த முதல் பதிப்பில் புரோட்டான் டார்பிடோ ரேஞ்ச் 2–3-இல் மட்டும்தான் சுடும். உங்கள் அதே நிலைமையில் டை ஃபைட்டருக்குப் பதில் டார்பிடோ ஏற்றிய கப்பல் நின்றிருந்தால், ஆர்க்குக்கு வெளியே கிடக்கும் ஒரு மூலைக்காக "இது ரேஞ்ச் 1, சுட முடியாது" என்று ஒப்புக்கொள்வீர்களா? ஆர்க்குக்குள் தெளிவாக ரேஞ்ச் 2-இல் இலக்கு நிற்கும்போது? பீரங்கிக்கு ஒரு விளக்கம், டார்பிடோவுக்கு இன்னொரு விளக்கம் என்று வைத்துக்கொள்ள முடியாது.

தேன்சிட்டு:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இதே படத்தில் ஒரு பாறை இருந்தால்? பக்கத்து மூலைக்கும் டை ஃபைட்டருக்கும் நடுவே பாறை கிடக்கிறது, ஆர்க்குக்குள் போகிற கோட்டில் எதுவும் இல்லை. தற்காப்புக்கு ஒரு டைஸ் கூடுமா?

வடமீன்:
கூடாது. தடையைப் பார்ப்பதும் ரேஞ்ச் அளந்த அதே கோட்டில்தான். அந்தக் கோடு பாறை மேல் போனால் தற்காப்புக்கு ஒரு டைஸ் கூடுதல், போகாவிட்டால் இல்லை. மறுபக்கமும் இதே கதைதான்: குறுகிய கோட்டில் பாறை இருக்கிறதே என்று, கொஞ்சம் நீளமான வேறொரு கோட்டைத் தாக்குபவர் எடுத்துக்கொள்ள முடியாது. பேஸ்கள் இணையாக நின்று ஒரே நீளத்தில் பல கோடுகள் வந்தால் மட்டும் அவர் தேர்ந்தெடுக்கலாம்.

கரும்பருந்து:
சரி, விதியின் வாசகம் உங்கள் பக்கம். ஆனால் அது நல்ல விதியா என்ற கேள்வி அப்படியே இருக்கிறது, அதில் நான் அசையமாட்டேன். மேசையில் என்ன நடக்கிறது? முதலில் ஆர்க் கோட்டை நீட்டிப் பார்க்க வேண்டும். அது எதிரியின் பேஸை எந்த இடத்தில் வெட்டுகிறது என்று குனிந்து கண்டுபிடிக்க வேண்டும். அப்புறம் ரூலரை அந்த இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இதற்குள் யாராவது ஒருவர் கை பட்டு ஏதோ ஒரு கப்பல் நகர்ந்துவிடும். ஓர் அளவு, ஒரு ரேஞ்ச் என்று இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

வடமீன்:
ஆர்க்கை எப்படியும் பார்க்கத்தானே வேண்டும்? கப்பல் உள்ளே இருக்கிறதா என்று தெரியாமல் சுடவே முடியாது. உங்கள் முறையில் மிச்சமாவது சில நொடிகள். இழப்பதோ இந்த ஆட்டத்தின் உயிரான பகுதி. கப்பலை எதிரியின் ஆர்க் ஓரமாக நிறுத்தி, ஒரு மூலை மட்டும் சிக்குகிற மாதிரி ஓட்டுவது சாதாரணத் திறமை இல்லை. எதிரி எங்கே வருவான் என்று கணித்து, டயலில் (நகர்வை ரகசியமாகத் தேர்ந்தெடுக்கும் சக்கரம்) முன்கூட்டியே முடிவு செய்து செய்கிற காரியம் அது. அதற்கான பலன்தான் அந்த ஒரு டைஸ். தாக்குதல் டைஸில் 8 முகங்களில் 4 அடி விழுகிற முகங்கள், ஃபோகஸ் (கண் முகங்களை அடியாக மாற்றும் டோக்கன்) இருந்தால் 6. தற்காப்புக்கு ஒரே ஒரு டைஸ் உருட்டும் ஒய்டி-1300-க்கு இது சின்ன விஷயமா?

போதாததற்கு, உங்கள் முறையில் அதிகம் அடிபடுவது பெரிய பேஸ்கள்தான். ஆர்க்குக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க அவற்றுக்குத்தான் இடம் அதிகம்.

நிழல்விமானி:
அளக்கும்போது கவனிக்க வேண்டிய சில விஷயங்கள். பேஸின் முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பல்லுகள் கணக்கில் வராது. மாடலின் இறக்கை எவ்வளவு வெளியே வந்தாலும் அதுவும் கணக்கில்லை. பேஸ் மட்டும்தான். இலக்கை அறிவிக்கும் கட்டத்திலேயே தாக்குபவர் அளந்து பார்க்கலாம், ஆகவே அவசரப்பட்டு "ரேஞ்ச் 1" என்று சொல்லிவிட்டு அப்புறம் சண்டை போட வேண்டாம். ஆர்க் கோட்டில் தொடுகிறதா இல்லையா என்று சந்தேகம் வந்தால், மேலே நேராக நின்று இருவரும் பார்த்துவிட்டு டைஸைக் கையில் எடுங்கள்.

கரும்பருந்து:
ஒரே ஒரு கேள்வி. முதல் பதிப்பில் ஒய்டி-1300-இன் டரெட் (சுழலும் பீரங்கி) எந்தத் திசையிலும் சுட்டது. அதற்கு எப்படி அளந்தார்கள்?

வடமீன்:
அங்கே நீங்கள் கேட்கிற மாதிரியேதான். அந்த டரெட் ஆர்க்கைப் பொருட்படுத்தாது என்பதால் மூலைக்கு மூலை, எது பக்கமோ அது. 2018-இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது டரெட்டுக்கும் சுழற்றி வைக்கும் ஆர்க் கொடுத்துவிட்டார்கள். இப்போது அதற்கும் ஆர்க்குக்குள் இருக்கும் பகுதிதான் கணக்கு.

கரும்பருந்து:
எனக்கு அந்தப் பழைய டரெட் முறைதான் பிடித்திருக்கிறது. எங்கள் குழுவில் எல்லாரும் சம்மதித்தால் எல்லா ஆயுதத்துக்கும் அதை வைத்து ஒரு தடவை ஆடிப் பார்க்கப் போகிறேன்.

வடமீன்:
தாராளமாக. ஆட்டம் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள், ஓரத்தில் ஓட்டுகிறவர் அதற்கேற்ற மாதிரி வேறு கப்பலை எடுத்துக்கொள்வார்.