ராணி தொப்பியைப் பனை ஓலையில் செய்யலாமா?

காரைக்குடி_தையல்:
பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் இரண்டாம் எலிசபெத் ராணி வேடம். பிள்ளைக்குத் தலைச்சுற்று 54 செ.மீ., முடி நீளம். கொட்டான் (ஓலைக்கூடை) பின்னும் குருத்தோலையிலேயே தொப்பி செய்ய நினைக்கிறேன். விளிம்பு எவ்வளவு வைக்கலாம்? ஆடாமல் நிற்க என்ன வழி?

ஓலைக்கொட்டான்:
தாராளமாகச் செய்யலாம் ஆச்சி. ஆனால் கொட்டானைப் போல அடியிலிருந்து பின்னினால் உச்சியில் நாலு மூலை தெரியும். 5 மி.மீ. அகலத்தில் ஓலையைக் கிழித்து, ஏழு இழைச் சடையாக நீளமாகப் பின்னுங்கள். உச்சி நடுவில் தொடங்கி, முந்தின சுற்றின் மேல் 3 மி.மீ. ஏறும்படி சுற்றிச் சுற்றித் தையுங்கள். ஓலையை ஊறப் போடாதீர்கள். ஈரத்துணியில் சுற்றி வைத்தாலே வளையும். அதிகம் ஊறினால் காய்ந்தபின் சுருங்கி, பின்னலில் சந்து விழும்.

தைத்து முடித்ததும் லேசாக நனைத்து, வெளிச்சுற்று 55–56 செ.மீ. உள்ள எவர்சில்வர் பாத்திரத்தைக் கவிழ்த்து அதன்மேல் இழுத்துக் கட்டி, நிழலில் முழுக்கக் காயவிடுங்கள். கூடுதலான அந்த 1–2 செ.மீ. உள்பட்டைக்கு. 2.5 செ.மீ. பருத்தி நாடாவை உள்ளே தைத்தால் வியர்வை ஓலையில் இறங்காது, நெற்றியும் அறுக்காது. விளிம்போரம் துருப்பிடிக்காத மெல்லிய கம்பி வைத்து, நுனிகளை 5 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்றாக விட்டுக் கட்டுங்கள். கம்பி இல்லாவிட்டால் விளிம்பு தொங்கிவிடும்.

அரண்மனை_உடை:
விளிம்பில்தான் ராணியின் பாணியே இருக்கிறது. கூட்டத்தில் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் முகம் தெரிய வேண்டும் என்பதால் அவருடைய தொப்பிகளில் பெரும்பாலும் விளிம்பு குறுகலாகவோ மேலே மடிந்தோ இருக்கும். முன்னால் 5 செ.மீ. போதும், அதையும் மேலே வளையுங்கள். மேடை விளக்கு உயரத்திலிருந்து விழும்; அகல விளிம்பு கண்ணில் நிழல் போடும்.

நிறம் ஒன்றே. அங்கியின் துணியிலேயே தொப்பிக்கும் உறை போடுங்கள். கண்டாங்கிச் சேலைக் கட்டம் அழகுதான், இங்கே ஒட்டாது. அதைப் பட்டையாக மட்டும் சுற்றலாம். ராணியின் ஆட்சிக்கு 1977இல் நடந்த வெள்ளிவிழாவுக்குத் தொப்பிக் கலைஞர் ஃபிரெடெரிக் ஃபாக்ஸ் செய்த இளஞ்சிவப்புத் தொப்பியில் மணி வடிவப் பூக்கள் தொங்கும். காகிதத்தில் அவற்றைச் செய்வது எளிது, தூரத்திலிருந்தும் அடையாளம் தெரியும். இரவு விருந்துக் காட்சி இருந்தால் அதில் தொப்பி கூடாது, தியாரா என்ற நகைக் கிரீடம்தான்.

காரைக்குடி_தையல்:
நன்றி. கொண்டையை என்ன செய்வது? உச்சியில்தான் போடுவார்கள்.

ஓலைக்கொட்டான்:
உச்சிக்கொண்டை தொப்பியை முன்னால் தள்ளும். பிடரியில் தாழ்வாகப் போடச் சொல்லுங்கள். காதுக்குப் பின்னால் இருபுறமும் எலாஸ்டிக்கைத் தைத்து, கொண்டைக்குக் கீழே மாட்டுங்கள். தாடைக்குக் கீழே போனால் முகத்தில் கோடாகத் தெரியும். உள்பட்டையில் இரண்டு சிறு சீப்பு வைத்தால் குனிந்து வணங்கினாலும் நகராது.

ஒத்திகைக்குப் பிறகு பிளாஸ்டிக் பையில் மூடி வைக்காதீர்கள். ஈரம் நின்று பூஞ்சணம் பிடிக்கும்.