வீட்டு சிமுலேட்டரும் தூங்கிப்போன கால்களும்

ஜெர்மனிக்கு வேலைக்கு வந்த இரண்டாம் ஆண்டில், பக்கத்து ஊர்க் கிளைடர் (எஞ்சின் இல்லாத விமானம்) சங்கத்தில் சேர்ந்தேன். சனிக்கிழமை காலையில் போனால் நாள் முழுக்கக் கிளைடரைத் தள்ள வேண்டும், இறக்கை முனையைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். என் முறை வந்து, தரையிலிருக்கும் வின்ச் இயந்திரம் கேபிளால் இழுத்து மேலே விட்டால், ஐந்தாறு நிமிடத்தில் மறுபடி புல்தரையில் நிற்பேன். அந்தப் பசிக்குத்தான் கணினியில் காண்டோர் என்ற கிளைடர் சிமுலேட்டரைப் போட்டேன். வெறும் ஜாய்ஸ்டிக்தான், கால்மிதிக்குக் காசு செலவழிக்க மனம் வரவில்லை. நிஜத்தில் காலால் திருப்பும் வால் சுக்கான், இங்கே குச்சியைத் திருகினாலே திரும்பியது.

ஒன்றுக்கு அது உண்மையிலேயே உதவியது: ஏற்றத்தின் நடுவே கேபிள் அறுந்தால் என்ன செய்வது என்று பழக. பாதி ஏற்றத்தில் கேபிளை நானே கழற்றிவிடுவேன். மூக்கைத் தாழ்த்த வேண்டும், வேகம் 90 கிலோமீட்டருக்கு மேல் திரும்பும்வரை பொறுக்க வேண்டும், நேரே இறங்குவதா திரும்புவதா என்பது அதற்குப் பிறகுதான். முதல் பத்து முறையும் பொறுமையில்லாமல், கிளைடரைக் கீழிறக்கும் ஏர்பிரேக்கைத் திறந்து தரையில் மோதினேன். ஒரே மாலையில் முப்பது முறை கேபிள் அறுவதை எந்தச் சங்கம் காட்டும்?

ஆனால் ஏஎஸ்கே 21 என்ற இருவர் அமரும் நிஜப் பயிற்சிக் கிளைடரில் முதல் திருப்பத்திலேயே குட்டு வெளிப்பட்டது. கண்ணாடிக் கூரையில் ஒட்டியிருந்த சிவப்புக் கம்பளி நூல் ஒருபுறமாகச் சாய்ந்து கிடந்தது. திருப்பத்தில் காலால் சுக்கானையும் சரியாகச் சேர்த்தால்தான் அது நேராக நிற்கும். "கால் தூங்குகிறதா?" என்றார் பின்னாலிருந்த பயிற்றுநர். என் கண்ணோ வேகமானியை விட்டு அசையவில்லை. அடுத்த ஏற்றத்துக்கு முன் என் வேகமானிமீது காகிதத்தை ஒட்டிவிட்டார். பின் இருக்கையில் அவருக்குத் தனியாக ஒன்று உண்டு. "காற்றின் இரைச்சலைக் கேள், மூக்கு அடிவானத்தில் எங்கே நிற்கிறது என்று பார்." வேகம் குறைந்தபோது இரைச்சல் அடங்கியதை அன்றுதான் காது கண்டுகொண்டது.

—

மேலே உள்ள பதிவுக்கு என் பதில்: நான் புனே ஹடப்சரில் பறக்கக் கற்றவன். வீட்டில் கணினி இல்லாத காலம். நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே துடைப்பக் கட்டையை நிறுத்தி, காலும் கையும் சேர்ந்தே அசையப் பழகினேன். அம்மாவுக்கு என்மீது சந்தேகம் வந்துவிட்டது. உங்கள் கம்பளி நூல் வியாதி எனக்கு வந்ததில்லை.

—

இருவரையும் படித்த மூன்றாவது ஆள் நான். துடைப்பக் கட்டையைச் சிரித்து ஒதுக்க வேண்டாம். எஸ்ஜி 38 என்ற பழைய பயிற்சிக் கிளைடர் காலத்து ஜெர்மானியர்கள் கிளைடரையே ஒரு தாங்கியின்மேல் ஊசலாட வைத்து, எதிர்க்காற்றில் மாணவனைச் சமன்செய்யப் பழக்கினார்கள். திரையே கிடையாது, காற்று மட்டும் அசல்.

—

முதலில் எழுதியவன்தான். கால்மிதி வாங்கிவிட்டேன். மிதித்தால் வழுவழுப்பான தரையில் முன்னால் ஓடுகிறது. பத்துக் கிலோ அரிசி மூட்டையை முட்டுக் கொடுத்திருக்கிறேன்.