கலைச்சொல் விவாதம்: 'அனம்னெஸ்டிக் சாலிடாரிட்டி'க்குத் தமிழ்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

விமர்சனக் கோட்பாடும் கிறித்தவ இறையியலும் ஒன்றையொன்று தொடும் இடங்களுக்கான சொற்பட்டியல் ஏறக்குறைய முடிந்துவிட்டது. 'கிரிட்டிக்கல் தியரி'க்குத் 'திறனாய்வுக் கோட்பாடு' வேண்டாம், 'விமர்சனக் கோட்பாடு' போதும் என்று முன்பே முடிவானது. இலக்கியத் திறனாய்வும் விவிலியத் திறனாய்வும் அந்தச் சொல்லை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டன. 2019இல் தெற்குப் பாப்டிஸ்ட் மாநாட்டுத் தீர்மானத்தால் அமெரிக்கச் சபைகளில் கிளம்பிய 'கிரிட்டிக்கல் ரேஸ் தியரி' (இனப்பாகுபாடு பற்றிய கோட்பாடு) சர்ச்சை வேறு கதை. இங்கே நாம் பேசுவது ஹோர்க்ஹைமர், அடோர்னோ, பெஞ்சமின் என்ற ஜெர்மன் சிந்தனையாளர்களின் வழிவந்த, சமூகத்தை விமர்சிக்கும் பிராங்பர்ட் மரபு பற்றி மட்டும்.

முட்டி நிற்பது ஒரே ஒரு தொடர்: 'அனம்னெஸ்டிக் சாலிடாரிட்டி' ('அனம்னெஸ்டிக்' என்றால் நினைவு சார்ந்த, 'சாலிடாரிட்டி' என்றால் பிறரோடு துணைநிற்பது). கிறிஸ்டியன் லென்ஹார்ட் என்பவர் 1975இல் எழுதிய கட்டுரையின் தலைப்பில் வந்தது. அடுத்த ஆண்டே ஜெர்மன் இறையியலாளர் ஹெல்முட் பாய்க்கர்ட் அதை அடிப்படை இறையியலுக்குள் (நம்பிக்கையின் அடிப்படைகளை ஆராயும் துறை) கொண்டுவந்தார். கருத்து இதுதான்: அநியாயமாகக் கொல்லப்பட்டவர்கள் பட்ட பாட்டின் மேல்தான் பின்வந்தோரின் விடுதலை நிற்கிறது. அவர்களுக்குத் திருப்பித் தர எதுவும் இல்லை, நினைப்பதைத் தவிர. அந்த நினைப்பின் வழியே இருப்பவர்கள் இறந்தவர்களோடு கொள்ளும் பிணைப்புக்குத்தான் இந்தப் பெயர்.

இதுவரை வந்த பரிந்துரைகள்: நினைவுவழி ஒருமைப்பாடு, நீத்தார் தோழமை, நினைவுகூரல் ஐக்கியம், நினைவேந்தல் தோழமை. கருத்துச் சொல்லுங்கள்.

* * *

> நீத்தார் தோழமை

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நிற்காது. குறளில் 'நீத்தார் பெருமை' துறவிகளைப் பற்றியது. இன்றைய வழக்கில் நீத்தார் என்றால் இறந்தவர் என்று எல்லாருக்கும் புரியும், சரி. அதற்கடுத்த சிக்கல் பெரிது: 'நீத்தார் கடன்' என்ற சடங்குச் சொல்லுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும். இயல்பாக மூப்படைந்து இறந்தவரும் நீத்தார்தான். இந்தத் தொடர் பேசுவதோ கொல்லப்பட்டவர்களைப் பற்றி. தவிர, 'அனம்னெஸ்டிக்' என்ற பாதி மொழிபெயர்ப்பில் காணாமலே போய்விட்டது.

> நினைவுகூரல் ஐக்கியம்

ஐக்கியத்துக்கு என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன். சீர்திருத்தச் சபைகளின் விசுவாசப் பிரமாணத்தில் 'பரிசுத்தவான்களுடைய ஐக்கியம்' என்று வாரந்தோறும் சொல்கிறார்கள். அது கிறிஸ்துவுக்குள் இருப்பவர்களின் ஐக்கியம். நம் தொடரில் வரும் இறந்தவர்களுக்கு ஞானஸ்நானச் சான்றிதழ் யாரும் கேட்பதில்லை.

* * *

இறையியல் தரப்பிலிருந்து 'நினைவுகூரல்' பற்றி ஒரு வார்த்தை.

'அனம்னெஸ்டிக்'கின் வேர்ச்சொல்லான 'அனம்னேசிஸ்' புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தில் இராப்போஜன வசனத்தில் வருகிறது. பழைய மொழிபெயர்ப்பில் 'என்னை நினைவுகூரும்படி இதைச் செய்யுங்கள்' (லூக்கா 22:19). கத்தோலிக்கத் திருவழிபாட்டில் நற்கருணை மன்றாட்டின் ஒரு பகுதிக்கே இந்தப் பெயர் உண்டு. இவ்வளவு ஆழமாக வேரூன்றிய 'நினைவுகூர்' இருக்கும்போது வேறு எதற்குத் தேட வேண்டும்? ஜெர்மன் கத்தோலிக்க இறையியலாளர் மெட்ஸ் 'ஆபத்தான நினைவு' என்று எதைச் சொன்னார்? இயேசுவின் பாடுகள், இறப்பு, உயிர்ப்பு பற்றிய நினைவைத்தானே! 1977இல் வந்த அவருடைய நூலே நம்பிக்கையை வரலாறு, சமூகம் என்ற இரண்டுக்கும் நடுவில் நிறுத்துகிறது. அவர் எடுத்த ஊற்று நற்கருணைதான்.

'நினைவுகூரல் தோழமை' என்று வைத்துவிடலாம் என்பது என் கட்சி.

* * *

மேலே எழுதிய நண்பருக்கு: மெட்ஸ் வரைக்கும் நீங்கள் சொல்வது சரி. ஆனால் இந்தத் தொடரின் வேர் மெட்ஸிடம் இல்லை. அது 1937இல் ஹோர்க்ஹைமருக்கும் பெஞ்சமினுக்கும் நடந்த கடிதத் தகராறில் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். சொல்லைத் தீர்மானிக்கப்போவது அதுதான்.

கடந்த காலம் முடிந்துபோன ஒன்றல்ல என்பது பெஞ்சமினின் நிலை. அதற்கு ஹோர்க்ஹைமர் 1937 மார்ச்சில் எழுதிய மறுப்பின் சாரம்: நடந்த அநீதி நடந்து முடிந்தது. கொல்லப்பட்டவர்கள் உண்மையாகவே கொல்லப்பட்டுவிட்டார்கள். முடியவில்லை என்று மெய்யாகவே சொல்ல வேண்டுமானால் இறுதித் தீர்ப்பை நம்பியாக வேண்டும்.

பெஞ்சமின் இந்த மறுப்பைத் தன் குறிப்புகளில் எடுத்தெழுதி அதன் கீழே பதில் எழுதினார். வரலாறு அறிவியல் மட்டுமல்ல, ஜெர்மனில் 'ஐங்கெடென்கென்' என்ற நினைப்பின் வடிவமும்கூட. முடிந்ததை (துன்பத்தை) அந்த நினைப்பு முடியாததாக்கும், முடியாததை (மகிழ்ச்சியை) முடிந்ததாக்கும். இது இறையியல்தான் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அடுத்த வாக்கியம் நமக்கு முக்கியம். வரலாற்றை முற்றிலும் இறையியலற்றதாகப் பார்க்க அந்த நினைப்பின் அனுபவம் நம்மை விடுவதில்லை. அதே சமயம், அதை நேரடியான இறையியல் கருத்துகளைக் கொண்டு எழுத நமக்கு அனுமதியும் இல்லை.

ஆக, நாம் தேடும் சொல் இந்த இரண்டு தடைக்கும் நடுவில் நிற்க வேண்டும். 'நினைவுகூரல்' என்ற சொல்லைக் கிறித்தவர் கேட்ட மாத்திரத்தில் அப்பமும் கிண்ணமும் கண்முன் வந்தால், ஹோர்க்ஹைமர் தோற்றுவிட்டதாக அந்தச் சொல்லே தீர்ப்பு எழுதிவிடுகிறது. இன்னொன்று. பெஞ்சமின் பேசியது யூத மரபுக்குள்ளிருந்து. 1940இல் எழுதிய வரலாற்று ஆய்வுரைகளின் பிற்சேர்க்கையில், வருங்காலத்தைத் துருவ யூதர்களுக்குத் தடை உண்டு, தோராவும் செபங்களும் அவர்களுக்கு இந்த நினைப்பைத்தான் பயிற்றுவிக்கின்றன என்கிறார். அவருடைய சொல்லைத் தூக்கி நற்கருணைக்குள் வைப்பது நாகரிகமாகப் படவில்லை.

* * *

> நேரடியான இறையியல் கருத்துகளைக் கொண்டு எழுத நமக்கு அனுமதியும் இல்லை

ஏற்கிறேன், பாதிதான். 'நினைவுகூர்' நற்கருணைக்கு மட்டும் சொந்தமானதல்ல. யாத்திராகமம் 2:24இல் இஸ்ரவேலரின் பெருமூச்சைக் கேட்டுத் தேவன் உடன்படிக்கையை 'நினைவுகூர்ந்தார்' என்றுதான் இருக்கிறது. அடிமைகளின் அழுகுரலும் நினைவும் ஒரே வசனத்தில். அந்த வகையில் சொல் யூத மரபுக்கும் இடம் கொடுக்கிறது.

ஆனால் யாரைப் பற்றிய வசனம் என்று பாருங்கள். நினைவுகூருபவர் கடவுள். பாய்க்கர்டின் முடிச்சு விழுவதே அங்கேதான். ஜெர்மன் மெய்யியலாளர் ஹாபர்மாஸ் சொல்லும் எல்லையற்ற உரையாடல் சமூகத்தில் எல்லாரும் சமமாகச் சேர வேண்டும். இறந்தவர்கள் சேர முடியாது. அவர்களை மறந்தால் அந்தச் சமத்துவம் பொய். மறக்காவிட்டால், அவர்களை அழித்ததன் மேல் என் மகிழ்ச்சி நிற்கிறது என்ற நினைப்போடு வாழ வேண்டும். இந்த இக்கட்டிலிருந்துதான் பாய்க்கர்ட், இறந்தவர்களையும் காப்பாற்றும் ஓர் உண்மை உண்டா என்ற கேள்வியைக் கடவுள் பக்கம் திருப்புகிறார். கேள்வி கடவுளிடம் போவது இரண்டாம் படி. முதல் படியில் நினைப்பவர்கள் மனிதர்கள், கையில் எதுவும் இல்லாதவர்கள். சொல் முதல் படிக்கானது.

எனவே 'நினைவுகூரல்' தனித்து நிற்கும் 'அனம்னேசிஸு'க்குப் போகட்டும். கூட்டுத்தொடருக்கு வேறு பார்ப்போம்.

* * *

இலக்கணப் பக்கம் வருகிறேன்.

'நினைவுவழி ஒருமைப்பாடு' முதலில் கழியட்டும். 'நினைவு ஒருமைப்பாடு' என்று யாராவது சுருக்குவார்கள், சுருக்காமல் விடமாட்டார்கள். சுருங்கினால் எல்லாருடைய நினைவும் ஒன்றாக இருப்பது என்று பொருள் மாறிவிடும். அது பிரெஞ்சுச் சமூகவியலாளர் ஆல்ப்வாக்ஸின் 'கூட்டு நினைவு', முற்றிலும் வேறு சரக்கு. 'ஒருமை' என்ற பகுதியும் உறுத்துகிறது. அடோர்னோவின் முழுச் சண்டையும் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடும் சிந்தனையோடுதான். இறந்தவரையும் இருப்பவரையும் ஒருமையாக்கினால் இறந்தவர் காணாமல் போவார். தோழமைக்கு இருவர் வேண்டும். இருவரும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறார்கள்.

'நினைவேந்தல்' நல்ல எடுப்பு. 'ஏந்து' என்பதில் கையில் வாங்கித் தாங்குவது இருக்கிறது. ஆனால் இரண்டு தொல்லை. நினைவேந்தல் இன்று ஒரு நிகழ்ச்சியின் பெயர்: நாள், மேடை, விளக்கு, மலர். அடுத்து, புணர்ச்சி. லகரத்தின் முன் தகரம் வந்தால் விதிப்படி 'நினைவேந்தற்றோழமை'. வாயில் நுழையாது. இடம் விட்டு 'நினைவேந்தல் தோழமை' என்று எழுதினால், நினைவேந்தல் நடத்தும் ஒரு தோழமைக் கழகம் மாதிரித் தொனிக்கும்.

வினைத்தொகையாக்கிப் பாருங்கள்: நினைவேந்து தோழமை.

'ஊறுகாய்' ஊறிய, ஊறுகின்ற, ஊறும் காய் என்று விரிவதுபோல் இது நினைவை ஏந்திய, ஏந்துகின்ற, ஏந்தும் தோழமை என்று விரியும். முக்காலமும் உள்ளே மறைந்து நிற்கிறது. கடந்த தலைமுறைகள் நமக்காகக் காத்திருந்தன, நமக்கு ஒரு 'மெலிந்த மெசியா ஆற்றல்' தரப்பட்டிருக்கிறது என்று பெஞ்சமினின் இரண்டாம் ஆய்வுரையில் வருகிறதே, அந்தக் கால அமைப்புக்கு இதைவிடப் பொருந்தும் இலக்கணம் வேறு இல்லை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. 'நினைவேந்துத் தோழமை' என்று எழுதினால் பிழை.

* * *

இறந்தவர் பதிலுக்கு எதுவும் செய்ய முடியாது. இரு பக்கமும் இல்லாதது எப்படித் தோழமை ஆகும்? 'கடப்பாடு' என்றே சொல்லிவிடலாமே. பெஞ்சமினும் கடந்த காலத்துக்கு நம்மேல் ஓர் உரிமைக்கோரல் உண்டு என்றுதானே சொல்கிறார்?

* * *

நல்ல கேள்வி. கடப்பாடு என்றால் தீர்த்துவிடலாம் என்று ஒரு வாசல் திறந்துவிடுகிறது. செலுத்தினால் முடிந்தது, கணக்கை மூடலாம். இந்தக் கருத்தில் மூடவே முடியாது என்பதுதான் வலி. தோழமை என்று அழைத்துவிட்டு எதிர்ப்பக்கம் வெறுமையாக இருப்பதைச் சொல் காட்டிக்கொடுத்தால், அது சொல்லின் குறை அல்ல. பாய்க்கர்டின் இக்கட்டு அப்படியே தமிழில் இறங்கியிருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

சொல்லை நாலு வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன். ஒன்றில் மட்டும் இயல்பாக இருந்து மற்றதில் இடறினால் அந்தச் சொல் ஒரு கட்சிக்காரனின் சொல்.

மறுப்பவர் வாயில்: 'நினைவேந்து தோழமை இருப்பவரைத்தான் மாற்றும், கொல்லப்பட்டவரை எழுப்பாது.' ஹோர்க்ஹைமர் சங்கடமில்லாமல் சொல்லலாம்.

பாய்க்கர்ட் வாயில்: 'உரையாடல் சமூகம் நினைவேந்து தோழமையை ஒதுக்கினால் தன் அடிப்படையையே மறுக்கிறது.' நிற்கிறது.

மெட்ஸ் வாயில்: 'இயேசுவின் பாடுகளின் ஆபத்தான நினைவு, முகமற்ற எல்லாப் பலியானவர்களுடனும் நினைவேந்து தோழமையாக விரிகிறது.' நிற்கிறது.

திருச்சபை ஆவண நடையில்: 2007இல் அன்றைய திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் எதிர்நோக்கு பற்றி எழுதிய சுற்றுமடலில் அடோர்னோவை எடுத்தாள்கிறார். உண்மையான நீதி என்றால் இன்றைய துன்பம் ஒழிவது மட்டும் போதாது, மீட்க முடியாமல் கடந்துபோனதும் இல்லாமலாக வேண்டும் என்ற இடம் அது. அப்படியானால் இறந்தோர் உயிர்ப்பு இல்லாமல் ஆகாது என்று அவர் தொடர்கிறார். இங்கே 'நினைவேந்து தோழமை உயிர்ப்பின் நம்பிக்கையைக் கேட்கிறது' என்று எழுதினேன். 'கேட்கிறது' என்ற வினைக்கு வேலை இருக்கிறது. 'நினைவுகூரல் தோழமை' என்று வைத்தால் அந்த வினை சும்மா நிற்கிறது, கேட்கும் முன்பே சொல் கொடுத்துவிட்டது.

* * *

எனக்குச் சம்மதம். 'நினைவுகூரல்' கட்சியைக் கலைத்துவிடுகிறேன். ஒரு நிபந்தனை: விளக்கக் குறிப்பில் 'மீட்பு', 'இரட்சிப்பு' இரண்டும் வரக் கூடாது. வந்தால் இவ்வளவு நேரம் பேசியது வீண்.

* * *

பட்டியலில் ஏற்றப்போவது இப்படி:

நினைவேந்து தோழமை: அநீதியாகக் கொல்லப்பட்டு, ஈடு பெற வழியற்றுப்போனவர்களோடு, அவர்களை நினைவில் தாங்குவதன் வழியாக இருப்பவர்கள் கொள்ளும் பிணைப்பு. வினைத்தொகை, ஒற்று மிகாது. இரு சொல்லாக இடம் விட்டு எழுதுக. சேர்த்து எழுதினால் தேடுபொறியில் 'தோழமை' தனியே அகப்படாது.

துணைப் பதிவுகள்: அனம்னேசிஸ் - நினைவுகூரல். ஐங்கெடென்கென் - நினைவேந்துகை. 'நினைவேந்தல்' நிகழ்ச்சிக்கே இருக்கட்டும் என்று '-கை' விகுதி கொடுத்திருக்கிறேன். மெட்ஸின் 'ஆபத்தான நினைவு' அப்படியே. ஆனால் பெஞ்சமினின் ஆறாம் ஆய்வுரையில் வருவது ஆபத்து வேளையில் மின்னும் நினைவு. அங்கே ஆபத்து நினைப்பவரைச் சூழ்ந்து நிற்கிறது. மெட்ஸிடம் நினைவே நிகழ்காலத்துக்கு ஆபத்து. இரண்டையும் ஒரே பதிவில் சேர்க்க வேண்டாம்.

மெட்ஸின் 'அனம்னெடிஷே ஃபெர்னுன்ஃப்ட்' (நினைவு சார்ந்த பகுத்தறிவு என்ற ஜெர்மன் தொடர்) மிச்சம். 'நினைவேந்து பகுத்தறிவு' அமைப்பில் பொருந்துகிறது. தமிழில் பகுத்தறிவு என்றதும் கடவுள் மறுப்பு இயக்கம்தான் நினைவுக்கு வரும், மெட்ஸோ அருள்பணியாளர். 'நினைவேந்து அறிவு' என்று வைத்தால் ஹாபர்மாஸ் அதோடு வாதாடும் இடத்தில் அறிவுக்கும் பகுத்தறிவுக்கும் வேறுபாடு போய்விடுகிறது. இதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.