மறு: தங்கத்துக்கும் பிட்காயினுக்கும் ‘சந்தை மூலதனம்’ உண்டா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணிகவியல் பாடநூலில் ஆப்பிள் பங்குகள், தங்கம், பிட்காயின் மூன்றையும் ஒப்பிடும் அட்டவணை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒன்றின் விலையை மொத்த எண்ணிக்கையால் பெருக்கி வரும் தொகைக்கு, நாளிதழ் வழக்கை ஒட்டிச் ‘சந்தை மூலதனம்’ (market capitalization) என்றே தலைப்பிட்டிருந்தேன். ஆப்பிளுக்கு அது பொருந்தும். பங்குதாரர் உண்டு, அவர்கள் இட்ட பணமும் உண்டு. உலகெங்கும் நகையாகவும் கட்டியாகவும் இருக்கும் 2 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட தங்கத்துக்கு மூலதனம் இட்டவர் எவர்? 2009 ஜனவரியில் தொடங்கிய பிட்காயினுக்கும் பங்கு வெளியிட்ட நிறுவனம் என ஒன்றும் இல்லை.

> ‘மூலதனம்’ வடசொல். ‘முதலிலார்க்கு ஊதியம் இல்லை’ என்று குறளே சொல்லியிருக்க, ‘சந்தை முதல்’ போதுமே.

ஐயா, 449ஆம் குறளின் ‘முதல்’ வணிகர் தொழிலில் இடும் பணம். ‘ஆக்கம் கருதி முதலிழக்கும்’ என்னும் 463ஆம் குறளிலும் அதே பொருள்தான். நாம் பெயரிட வேண்டியதோ, கடைசியாகக் கைமாறிய ஒரு நாணயத்தின் விலையைப் புழக்கத்திலுள்ள எண்ணிக்கையால் பெருக்கினால் வரும் தொகைக்கு. மேலும், ‘சந்தை முதல்’ என்றால் ‘சந்தை முதல் பேருந்து நிலையம் வரை’ என்றுதான் மாணவர் படிப்பார்.

2024 டிசம்பரில் பிட்காயினின் விலை 1 லட்சம் டாலரைத் தாண்டியபோது ஏறத்தாழ 1.98 கோடி நாணயங்கள் வெளிவந்திருந்தன. பெருக்கினால் கிட்டத்தட்ட 2 லட்சம் கோடி டாலர். அன்றைய விலையில் தங்கம் அதைப்போல் எட்டு மடங்குக்கும் மேல். ஆனால் சாவி (நாணயத்தைச் செலவிடத் தேவையான இரகசிய எண்) தொலைந்து இனி எவராலும் எடுக்க முடியாத நாணயங்களும் அந்தக் கணக்கில் அடங்கும். எல்லாரும் ஒரே நாளில் விற்க முனைந்தால் அந்த விலையும் நிற்காது. இத்தனை பணம் உள்ளே வந்திருக்கிறது என்று மாணவரை நம்பவைக்கும் ‘மூலதனம்’ இங்கே வெறும் பொருந்தாச் சொல் அன்று, பிழையான செய்தி. ஆகவே ‘விலைப்பெருக்கு மதிப்பு’ என்பதே என் பரிந்துரை.

> கருத்து சரி, சொல் வாயில் நுழையவில்லை. ‘மொத்தச் சந்தை மதிப்பு’ என்றால் எவருக்கும் விளங்கும்.

பலரும் இதையே வழிமொழிந்திருப்பதாலும் நாள் நெருங்கிவிட்டதாலும் அட்டவணையில் இதையே இடுகிறேன். பெருக்கல் முறை அடிக்குறிப்பில் வரும்.

———

அன்புடையீர்,

‘மொத்தச் சந்தை மதிப்பு’ என்னும் முடிவுக்கு என் மறுப்பைப் பதிவு செய்ய வேண்டுகிறேன். ஆப்பிளின் ‘மொத்த மதிப்பு’ என்றதும் அதன் கடனையும் சேர்த்த நிறுவன மதிப்பு என்று மாணவர் கொள்ள இடமுண்டு. பங்கு விலைப் பெருக்கத்தில் கடன் சேராது. ‘மொத்த’ என்பதை நீக்கினாலோ அது ஒரு நாணயத்தின் விலையா, எல்லா நாணயங்களின் தொகையா என்பது விளங்காது. அடுத்த பதிப்புக்கு முன்பாவது ‘விலைப்பெருக்கு’ என்பதை மீண்டும் எடுத்துப் பேச வேண்டும்.