மேய்ச்சற்றரையைக் கெடுப்பது மாடா, மாடு நிற்கும் காலமா?

கொட்டியாரத்தான்:
திருகோணமலைத் தம்பலகாமப் பக்கத்துக் குளமொன்றின் அலைகரையை (நீர் ஏறி இறங்கும் கரையோரத்தை) ஆவணியில் நடந்து பார்த்தேன். நீர் விளிம்பிலிருந்து முந்நூறு அடிவரை புல்லே இல்லை. அதற்கப்பால் மாடு வாய்வைக்காத எருக்கலை மட்டும் தழைத்து நிற்கிறது. வறள்நிலத்தில் தண்ணீரைச் சுற்றி உருவாகும் இத்தகைய வட்டத்தை ஆஸ்திரேலியாவில் 1969இலேயே விவரித்துவிட்டார்கள். மேய்ச்சற்றரையை மூன்றாண்டுக்கு அடைத்துவைக்க வேண்டும் என்பதே என் கருத்து.

பட்டிக்காரன்:
அண்ணன், கிணற்றடியைப் பார்த்துவிட்டு வளவு முழுதும் சேறு என்கிறீர்கள். புல்லின் குருத்து தரையோடு ஒட்டியிருப்பதால் கடிபட்டாலும் மீண்டும் துளிர்க்கும். மரக்கன்றுக்கு அந்த வசதி இல்லை. மாட்டை அடியோடு விலக்கினால் புல் முற்றிக் காய்ந்து, பற்றைதான் மண்டும். வறண்ட புல்வெளிக்கு மந்தையே மருந்து என்று சிம்பாப்வே சூழலியலாளர் அலன் சேவரி 2013இல் ஆற்றிய உரையைக் கேட்டுப் பாருங்கள்.

கொட்டியாரத்தான்:
கேட்டேன். யானைகளைக் குறைக்கும்படி தாம் சொன்னதால் 40,000 யானைகள் கொல்லப்பட்டும் நிலம் மேலும் கெட்டது என்று அவர் ஒப்புக்கொண்ட நேர்மை பெரிது. ஆனால் அந்தத் துயரம் அவருடைய மாற்றுவழிக்குச் சான்றாகாது. மந்தை நெருங்கி மிதித்தால் மழைநீர் நன்றாக இறங்கும் என்ற கூற்றை அளந்து பார்த்தவர்கள் பலர் அதற்கு நேர்மாறாகவே கண்டிருக்கிறார்கள்.

ஈரமண்:
இருவரும் தலையை எண்ணுகிறீர்கள், மாதத்தை எண்ணவில்லை. பெரும்போகக் கூட்டத்தில் மாரி நெற்செய்கைக்குத் திகதி குறித்ததும் மாடுகள் வயலை விட்டு வெளியேறி, எஞ்சிய தரையில் நெருங்குகின்றன. இங்கு மழையின் பெரும்பகுதி ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் பெய்வதால், மண் இளகிக் கிடக்கும் வேளையிலேயே குளம்பு அதை நெரிக்கிறது, புல் தளிர்க்கும் வேளையிலேயே அது கடிபடுகிறது. நம் செங்கபில மண்ணோ ஈரத்தில் ஒட்டும், காய்ந்தால் கல்லாக இறுகும். சென்ற பங்குனியில் குடைக்கம்பியால் குத்திப் பார்த்தேன்: வேலியடைத்த துண்டில் ஒரு சாண் இறங்கிற்று, வெளியே இரண்டு விரற்கடையில் நின்றுவிட்டது.

பட்டிக்காரன்:
அதை மறுக்கமாட்டேன். ஆனால் மாரியில் நாங்கள் மாடு சாய்த்த மேட்டுநிலங்கள் பல இன்று வேலிக்குள் இருக்கின்றன, வேறெங்கே போவது? தரையை நான்காகப் பிரித்து, புல் முழங்காலளவு வந்த துண்டை மட்டும் திறப்பதென்றால் உடன்படுவேன். மூன்றாண்டுப் பூட்டுக்கு உடன்படமாட்டேன்.

கொட்டியாரத்தான்:
ஐப்பசியிலிருந்து தைவரை ஒரு துண்டையாவது, ஆண்டுக்கொன்றாக மாற்றி மாற்றி, திறக்காமல் விடுவீர்களென்றால் பூட்டைக் கைவிடுகிறேன். அலைகரை வேறு கதை: மேட்டில் தண்ணீர்த்தொட்டி வைத்து மாட்டை அங்கே திருப்பாதவரை அந்த முந்நூறு அடியில் புல் பிடிக்காது.