விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை: குறைந்த செலவில் கட்டிய கேமிங் கணினிக்கு உதவி தேவை

புதுமுகம் எழுதியது:

வணக்கம். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு கணினியை நானே கட்டியிருக்கிறேன். கட்டி முடித்து நான்கு மணி நேரமாகிறது. அது இன்னும் கணினி ஆகவில்லை. சுவிட்சை அழுத்தினால் விசிறிகள் எல்லாம் சுற்றுகின்றன, விளக்குகள் எரிகின்றன. மானிட்டர் மட்டும் சிக்னல் இல்லை என்று காட்டிவிட்டு உறங்கப் போய்விடுகிறது.

வாங்கியவை: ரைசன் 5 5600 பிராசசர், அதன் பெட்டியிலேயே வந்த கூலர், பி450 சிப்செட் மதர்போர்டு (கிடங்கில் நெடுநாள் கிடந்த சரக்கு என்பதால் மலிவாகக் கிடைத்தது), 8 ஜிபி டிடிஆர்4 3200 ராம் இரண்டு, ரேடியான் ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் அட்டை, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 500 வாட் பவர் சப்ளை. மானிட்டர் 1080பி, 144 ஹெர்ட்ஸ்.

ராமைக் கழற்றி மாட்டினேன். கிராபிக்ஸ் அட்டையைக் கழற்றி மாட்டினேன். வேறு கேபிள் போட்டேன். தம்பி மானிட்டரின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினான். எதற்கும் பலனில்லை. எந்தப் பாகத்தைத் திருப்பிக் கொடுப்பது என்று சொன்னால் போதும், நாளையே கொடுத்துவிடுகிறேன்.

நள்ளிரவு எழுதியது:

கிராபிக்ஸ் அட்டைதான். எனக்கும் இப்படித்தான் ஆனது. திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

திருப்புளி எழுதியது:

அவசரப்பட்டு எதையும் திருப்பிக் கொடுக்காதீர்கள். புதிதாகக் கட்டிய கணினியில் படம் வரவில்லை என்றால் பெரும்பாலும் எந்தப் பாகமும் செத்திருக்காது. ஏதோ ஒன்று இன்னொன்றை அடையாளம் காணாமல் நிற்கும். சிலவற்றைக் கேட்டுக்கொள்கிறேன்.

மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது? ரைசன் 5 5600-க்குள் கிராபிக்ஸ் கிடையாது; 5600ஜி-யில்தான் உண்டு. ஆகவே மதர்போர்டின் பின்புறமுள்ள எச்டிஎம்ஐ துளை உங்களைப் பொறுத்தவரை வெறும் அலங்காரம். கேபிள் கிராபிக்ஸ் அட்டையில் இருக்க வேண்டும்.

பிராசசருக்கான 8 பின் மின் இணைப்பைக் கொடுத்தீர்களா? பெரும்பாலான போர்டுகளில் மேல் இடது மூலையில், கை நுழையாத இடத்தில் இருக்கும். 24 பின் இணைப்பு மட்டும் கொடுத்தாலும் விசிறிகள் சுற்றும் என்பதால் பலர் இங்கே ஏமாறுகிறார்கள். கிராபிக்ஸ் அட்டைக்குப் போகும் 8 பின்னும் இதுவும் ஒன்றல்ல. பிராசசருக்குரியது 4+4 ஆகப் பிரியும், அட்டைக்குரியது 6+2 ஆகப் பிரியும்.

கடைசியாக, போர்டின் ஓரத்தில் சிபியு (பிராசசர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (தொடக்கம்) என்று எழுதிய நான்கு சின்ன விளக்குகள் இருக்கின்றனவா? அவற்றில் எது எரிந்தபடியே நிற்கிறது? மற்றதையெல்லாம் விட்டாலும் இதற்குக் கட்டாயம் பதில் சொல்லுங்கள்.

புதுமுகம் எழுதியது:

முதல் கேள்விக்கு வெட்கத்துடன் பதில்: மதர்போர்டில்தான் செருகியிருந்தேன். இப்போது அட்டைக்கு மாற்றிவிட்டேன், படம் இன்னும் வரவில்லை. 8 பின் இருக்கிறது, 4+4 தான். விளக்குகளும் இருக்கின்றன. சிபியு என்பதன் பக்கத்தில் சிவப்பாக ஒன்று எரிகிறது, அணையவே இல்லை. அப்படியானால் பிராசசர் போய்விட்டதா?

பழைய விசிறி எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். சிபியு விளக்கைத் திருப்புளி பார்த்துக்கொள்வார், எனக்குக் கவலை பவர் சப்ளை பற்றி. '500 வாட்' என்று பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பதை நம்பாதீர்கள். பக்கவாட்டு ஸ்டிக்கரில் +12 வோல்ட் என்ற கட்டத்தின் கீழ் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பிராசசரும் கிராபிக்ஸ் அட்டையும் பெரும்பாலும் உண்பது அந்த 12 வோல்ட்டைத்தான். அங்கே 25 ஆம்பியர் என்றிருந்தால் அது 300 வாட் பவர் சப்ளை; மீதி 200 அச்சகத்தில் சேர்ந்தது.

தேர்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலிவாகக் கிடைத்தது என்பதற்காக 2018-இல் வந்த பி450-க்குப் போனது எனக்குச் சரியாகப் படவில்லை. பி550 எடுத்திருந்தால், கிராபிக்ஸ் அட்டையும் போர்டும் தரவு பரிமாறும் பாதையான பிசிஐஇ, வேகமான 4.0 பதிப்பில் கிடைத்திருக்கும். உங்கள் போர்டு 3.0 தான்.

திருப்புளி எழுதியது:

பவர் சப்ளை பற்றிப் பழைய விசிறி சொல்வது நூற்றுக்கு நூறு சரி. மற்ற எதில் சிக்கனம் பிடித்தாலும் அதில் பிடிக்கக் கூடாது.

பிசிஐஇ விஷயத்தில் மட்டும் மாறுபடுகிறேன். ஆர்எக்ஸ் 6600 அந்தப் பாதையின் எட்டு லேன்களில் (தடங்களில்) வேலை செய்யும் அட்டை, 8 ஜிபி நினைவகம் உள்ளது. 3.0 போர்டில் அதன் இழப்பு விளையாடும்போது கண்ணுக்குத் தெரியாத அளவுதான். இவர் கொஞ்சம் மிச்சப்படுத்த எண்ணி 6500 எக்ஸ்டி எடுத்திருந்தால் உங்கள் வாதம் பலித்திருக்கும். அதற்கு நான்கே லேன்கள், பெரும்பாலான அட்டைகளில் 4 ஜிபிதான் நினைவகம். நினைவகம் நிரம்பியதும் அந்தக் குறுகிய வழியாகவே எல்லாம் போய்வர வேண்டியிருப்பதால் 3.0 போர்டில் அது மூச்சுத் திணறும். இவர் தப்பித்தார்.

இனி சிவப்பு விளக்கு. புதுமுகம், உங்கள் பிராசசர் சாகவில்லை என்றே நினைக்கிறேன். அதை உங்கள் மதர்போர்டுக்குத் தெரியாது, அவ்வளவுதான். பிராசசரை எழுப்பும் முறை, போர்டுக்குள் பதிந்திருக்கும் பயாஸ் என்ற தொடக்க மென்பொருளில் எழுதப்பட்டிருக்கும். பி450 வந்தது 2018-இல். ரைசன் 5000 வரிசை வந்தது 2020 இறுதியில். உங்கள் 5600 அதற்கும் பின்பு, 2022-இல். உங்கள் போர்டு நெடுநாள் கிடங்கில் கிடந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது தூங்கப் போனபோது உங்கள் பிராசசர் பிறக்கவே இல்லை. பிராசசரைப் பொருத்தும் சாக்கெட் ஒன்று என்பதால் உட்கார்ந்துவிடும். பயாஸ் பழையது என்பதால் எழாது. போர்டின் பெட்டியில் ரைசன் 5000-க்குத் தயார் என்ற ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள்.

இல்லையென்றால், போர்டின் பின்புறம் யுஎஸ்பி துளைகளுக்கு அருகே பயாஸ் ஃபிளாஷ் பொத்தான் ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் கவலையில்லை, பிராசசரே இல்லாமல்கூட அது பயாஸைப் புதுப்பித்துவிடும். தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலின் பக்கத்துக்குப் போய், பிராசசர் பட்டியலில் 5600-க்கு நேராக எந்தப் பயாஸ் பதிப்பு என்று பார்த்து, அதையோ அதற்குப் பிந்தியதையோ இறக்குங்கள். போர்டின் பெயரோடு வரும் பின்னொட்டு எழுத்துகளையும் சரிபாருங்கள், ஒரே பெயரில் இரண்டு மூன்று போர்டுகள் இருக்கும். கோப்புக்குக் கையேடு சொல்லும் பெயரை வைத்து, எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவில் போட்டு, அதற்கென்று குறியிட்ட துளையில் செருகுங்கள். பவர் சப்ளை போட்டிருக்க வேண்டும், கணினி அணைந்திருக்க வேண்டும். பொத்தானைச் சில வினாடிகள் அழுத்தினால் பக்கத்து விளக்கு சிமிட்டத் தொடங்கும். சில நிமிடங்கள் பிடிக்கும். அதுவரை யாரும் மின்சாரத்தில் கை வைக்கக் கூடாது. தம்பியை வெளியே அனுப்பிவிடுங்கள்.

புதுமுகம் எழுதியது:

ஸ்டிக்கர் இல்லை. பொத்தான் இருக்கிறது! பவர் சப்ளையில் 12 வோல்ட்டுக்கு 38 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது.

ஆனால் பொத்தானை அழுத்தினால் விளக்கு நான்கைந்து முறை சிமிட்டிவிட்டு நின்றுவிடுகிறது. ஐந்து வினாடிகூட ஆகவில்லை. மூன்று முறை செய்தேன். பென் டிரைவ் 64 ஜிபி, புதியது.

பழைய விசிறி எழுதியது:

38 ஆம்பியர் என்றால் 456 வாட். உங்கள் அட்டை 132 வாட், பிராசசர் 76 வாட்டைத் தாண்டாது. தாராளம். என் கவலை தீர்ந்தது.

திருப்புளி எழுதியது:

விளக்கு உடனே நின்றால் கோப்பு அதற்குக் கிடைக்கவில்லை என்று பொருள். இரண்டு இடத்தில் தவறியிருக்கலாம்.

64 ஜிபி பென் டிரைவ் பெரும்பாலும் எக்ஸ்எஃப்ஏடி முறையில்தான் வரும். விண்டோஸின் வழக்கமான ஃபார்மட் பெட்டி, 32 ஜிபிக்கு மேல் போனால் எஃப்ஏடி32-ஐக் காட்டுவதே இல்லை. வீட்டில் மூலையில் கிடக்கும் 8 ஜிபியோ 16 ஜிபியோ எடுங்கள். இந்த வேலைக்குப் பழையதும் சிறியதும்தான் உத்தமம்.

இன்னொன்று, பெயர் மாற்றும்போது நடக்கும் கூத்து. கோப்பின் பின்னொட்டை (பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வருவதை) விண்டோஸ் மறைத்து வைத்திருக்கும். நீங்கள் பின்னொட்டோடு சேர்த்துப் பெயர் எழுதினால், உள்ளே இருப்பதும் நீங்கள் எழுதியதும் சேர்ந்து இரண்டு பின்னொட்டு ஆகிவிடும். உங்கள் கண்ணுக்குச் சரியாகத் தெரியும், போர்டுக்கு அது வேறு கோப்பு. கோப்பு உலாவியில் பின்னொட்டைக் காட்டும் தேர்வை இயக்கிவிட்டுப் பாருங்கள்.

புதுமுகம் எழுதியது:

இரண்டு தவறையும் செய்திருக்கிறேன்.

பழைய 8 ஜிபி பென் டிரைவில் மீண்டும் போட்டேன். இந்த முறை விளக்கு ஆறு நிமிடம் சிமிட்டியது, நானும் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். நின்றதும் சுவிட்சை அழுத்தினேன். சிபியு விளக்கு எரிந்தது, பிறகு டிராம் விளக்கு, பிறகு எல்லாம் அணைந்து, தானாகவே ஒருமுறை மறுபடி தொடங்கியது. மனம் உடைந்து பிளக்கைப் பிடுங்கப் போனேன். அந்த நேரத்தில் திரையில் எழுத்து வந்துவிட்டது. வீட்டில் எல்லோரையும் எழுப்பிக் காட்டினேன், யாருக்கும் அதன் அருமை புரியவில்லை.

திருப்புளி எழுதியது:

பிடுங்காமல் இருந்தது புண்ணியம். பயாஸ் மாறிய பின் முதல் தடவை ராமை அளந்து பழகிக்கொள்ள அதற்குக் கொஞ்ச நேரம் தேவை. அணைந்து எழுவதும் அதனால்தான்.

புதுமுகம் எழுதியது:

மூன்று நாள் கழித்து மீண்டும் வருகிறேன். விண்டோஸ், டிரைவர் எல்லாம் போட்டாயிற்று. ஆனால் விளையாட்டு நான் நினைத்ததுபோல் இல்லை. வினாடிக்கு வரும் பிரேம் எண்ணிக்கை 60-ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது. கூட்டம் அதிகமான காட்சிகளில் அதுவும் இறங்கி, திக்கித் திக்கிப் போகிறது. இதே பாகங்களோடு மற்றவர்கள் காட்டும் காணொளிகளில் இப்படி இல்லை. இப்போதாவது கிராபிக்ஸ் அட்டையைச் சந்தேகப்படலாமா?

நள்ளிரவு எழுதியது:

நான் அன்றே சொன்னேன்.

திருப்புளி எழுதியது:

இன்னும் கூடாது. டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதியைத் திறந்து வேகம் என்ன என்று பாருங்கள். ராம் இரண்டும் எந்த எந்தத் துளையில் இருக்கின்றன? பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணிச் சொல்லுங்கள்.

புதுமுகம் எழுதியது:

வேகம் 2133. துளை ஒன்றும் இரண்டும். பக்கத்துப் பக்கத்தில் இருந்தால்தானே ஜோடி?

திருப்புளி எழுதியது:

அப்படித்தான் எல்லோரும் நினைக்கிறோம். நான்கு துளையுள்ள போர்டில் ஒன்றும் இரண்டும் ஒரே சேனல், அதாவது பிராசசருக்குப் போகும் ஒரே பாதை. இரண்டு ராம் வாங்கியும் ஒற்றை வழிப் பாதையில் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டாவது, நான்காவது துளைகளுக்கு மாற்றுங்கள்.

வேகம் அடுத்தது. பெட்டியில் 3200 என்று இருந்தாலும், சொல்லாமல் விட்டால் ராம் 2133 போன்ற அடிப்படை வேகத்தில்தான் ஓடும். பயாஸுக்குள் எக்ஸ்எம்பி என்பதை, அதாவது ராமைப் பெட்டியில் சொன்ன வேகத்துக்கு ஏற்றும் அமைப்பை, இயக்க வேண்டும். சில போர்டுகளில் ஏ-எக்ஸ்எம்பி, சிலவற்றில் டிஓசிபி என்று பெயர். ரைசனுக்கு இது வெறும் ராம் விஷயமல்ல. பிராசசரின் உட்பகுதிகளை இணைக்கும் பாதையின் வேகமும் ராமோடு சேர்ந்தே ஏறி இறங்கும். நீங்கள் சொல்லும் திக்கலுக்கு இவை இரண்டும் போதும். இயக்கிய பின் கணினி எழவில்லை என்றால் பதறாதீர்கள். மின்சாரத்தை எடுத்துவிட்டு, போர்டிலுள்ள நாணயம் போன்ற பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வைத்தால் பயாஸ் அமைப்புகள் பழையபடி ஆகிவிடும். பிறகு ஏதாவது மென்பொருளில் ராம் 1600 என்று தெரிந்தால் மீண்டும் இங்கே ஓடி வர வேண்டாம். ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவு போவதால் 1600-தான் 3200.

60-இல் நிற்பது தனிக் கதை. விண்டோஸின் திரை அமைப்புகளில் மேம்பட்ட பகுதிக்குப் போனால், மானிட்டர் 144 ஆக இருந்தும் அங்கே 60 என்றே தேர்வாகியிருக்கும். திரையின் வேகத்தோடு ஒத்துப்போகும்படி விளையாட்டில் அமைத்திருந்தால் பிரேமும் 60-இலேயே நின்றுவிடும். பட்டியலில் 144 வரவில்லை என்றால் டிஸ்ப்ளேபோர்ட் கேபிளுக்கு மாறுங்கள். எச்டிஎம்ஐ வழியாக 144 தராத மானிட்டர்கள் உண்டு.

புதுமுகம் எழுதியது:

துளை மாற்றினேன், எக்ஸ்எம்பி இயக்கினேன், டிஸ்ப்ளேபோர்ட் போட்டேன், 144 தேர்ந்தெடுத்தேன். அதே விளையாட்டு, அதே இடம்: 110-க்குக் கீழே இறங்கவில்லை. திக்கல் போய்விட்டது. ஒரு பாகத்தையும் திருப்பிக் கொடுக்கவில்லை.

நள்ளிரவு எழுதியது:

சரி, கிராபிக்ஸ் அட்டை இல்லை. ஒப்புக்கொள்கிறேன். என்னுடையதைத் திருப்பிக் கொடுத்த பிறகும் அந்தச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது என்பதையும் இப்போது சொல்லிவிடுகிறேன். எனக்கும் பி450, 5600 தான். ஆனால் என் போர்டில் அந்தப் பொத்தான் இல்லை. நான் என்ன செய்வது?

திருப்புளி எழுதியது:

இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே ஐயா. பழைய ரைசன் வைத்திருக்கும் நண்பர் யாராவது இருக்கிறாரா? 2600 போன்ற ஒன்று போதும். ஒரு மணி நேரம் கடன் வாங்கி, அதை வைத்து எழுப்பி, பயாஸுக்குள்ளிருந்தே புதுப்பித்துவிட்டு உங்களுடையதை மாட்டுங்கள்.

நண்பரின் பிராசசரைக் கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. உங்கள் போர்டின் சாக்கெட் வகையான ஏஎம்4-இல் பின்கள் பிராசசரின் அடியில் இருக்கின்றன. பிராசசருக்கும் கூலருக்கும் இடையே வெப்பம் கடத்தத் தடவும் பசை காய்ந்திருந்தால், கூலரை நேராக இழுக்கும்போது பிராசசரும் ஒட்டிக்கொண்டு சாக்கெட்டிலிருந்து பிய்ந்து வரும், பின் வளையும். கணினியைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, சூடு ஆறுவதற்குள் கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகிய பிறகே மேலே தூக்குங்கள். திரும்ப மாட்டும்போது பழைய பசையைத் துடைத்துவிட்டுப் புதிது வையுங்கள், இரண்டு பிராசசருக்கும்.

நள்ளிரவு எழுதியது:

அக்காவின் கணினியில் 2600 இருந்தது. பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், கை நடுங்கியது. திருகித் தூக்கினேன், பிராசசர் சாக்கெட்டிலேயே இருந்தது. என் கணினியில் படம் வந்துவிட்டது. அக்காவுடையதும் எழுகிறது.