மறு: சிமுலேஷன் – பாவனையா, ஒத்திகையா?

> தாதியருக்கான இணையப் பாடத்தில் சிமுலேஷனுக்கு (நிஜத்தைப் போல ஒன்றைச் செய்து பார்ப்பதற்கு) 'பாவனை' என்று போட்டிருக்கிறேன். சரிதானே?

அண்ணா, சென்னையில் அது சரி, திருகோணமலையில் சரிவராது. இங்கே பாவனை என்றால் பயன்பாடு. மருந்துப் பாவனை, மின்பாவனையாளர், 'பாவனைக்கு உதவாது' என்று பில்லிலும் படிவத்திலும் அன்றாடம் பார்க்கிற சொல். 'ஊசிப் பாவனைப் பயிற்சி' என்று திரையில் கண்டால் ஊசியை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லித்தரப் போகிறார்கள் என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள், ஆனால் பாடமோ ஊசியே இல்லாமல் செய்து பழகுவது!

'மெய்நிகர்' (வெர்ச்சுவல்) என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அது கணினிக்குள் இருப்பதோடு நின்றுவிடும். 1960இல் நோர்வேயில் பொம்மை செய்பவரான லேர்டால், இதயம் நின்றவருக்கு முதலுதவி செய்து பழகுவதற்கென்று செய்த ரெசஸி ஆன் பொம்மையும் இந்த இனம்தானே? நெஞ்சை 5 செ.மீ.க்குக் குறையாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அமுக்கிப் பழகுவதற்கு உயிருள்ள ஆளையா படுக்க வைப்பது?

என் வாக்கு ஒத்திகைக்கு. 2004 கடல்கோளுக்குப் பிறகு இந்தக் கரையில் 'சுனாமி ஒத்திகை' என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. நான் கணினி வகுப்பெடுக்கும் தாதி மாணவிகளிடம் இந்தச் சொல்லைப் போட்டுப் பார்த்தேன். கிண்ணியாப் பிள்ளை ஒருத்தி உடனே, "அப்ப பிழை விடலாமா சேர்?" என்று கேட்டாள். அதுதான் அண்ணா விஷயமே. மருந்தின் அளவைக் கூட்டிவிட்டால் திரையில் இருப்பவர் செத்துப்போவார், திரும்பவும் முதலிலிருந்து தொடங்கலாம், ஆஸ்பத்திரி வாட்டில் அது முடியாது. பாவனையிலோ மெய்நிகரிலோ இந்தப் பொருள் வரவில்லை.

காலநிலைக் கணிப்புக்காரர்களுக்கு ஒத்திகை பொருந்தாது, ஒத்துக்கொள்கிறேன். அவர்கள் 'உருவகப்படுத்தல்' என்றே வைத்துக்கொள்ளட்டும், எல்லாத் துறைக்கும் ஒரே சொல் வேண்டுமென்று நாம் ஏன் அடம்பிடிக்க வேண்டும்?

அப்புறம் ஒரு சிக்கல். திரையில் வரும் ஆளை 'ஒத்திகை நோயாளி' என்றால், நோயாளியாக நடிக்க வைக்கும் ஆளை எப்படிச் சொல்வது? அமெரிக்க மருத்துவர் ஹோவர்ட் பாரோஸ் 1963இலேயே அப்படி ஆள்வைத்துப் பழக்கத் தொடங்கிவிட்டார். இவரை 'நடிப்பு நோயாளி' என்றும் அவரைத் 'திரை நோயாளி' என்றும் பிரித்து எழுதி, கண் பிரிவில் வேலை செய்யும் மச்சானிடம் காட்டினேன். "யாருக்கடா விழித்திரையில் வருத்தம்?" என்று கேட்டுவிட்டார். வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள், பாடத்தை வெள்ளிக்கிழமை ஏற்ற வேண்டும்.